பாஸ்போர்ட் சேவா: மூன்று கவுன்டர்களும் ஒரு காவல் நிலையமும்

பாஸ்போர்ட் சேவா மையத்துக்குப் போய் வந்தவர்கள் "கவர்ன்மென்ட் ஆபீஸ் மாதிரியே இல்ல" என்று பாராட்டுவது வழக்கம். டோக்கன் திரையும் நாற்காலி வரிசையும், ஒரே வருகையில் வேலை முடிந்துவிடுவதும் சேர்ந்து அப்படிச் சொல்ல வைக்கின்றன. நிர்வாகவியல் தெரிந்தவர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் நூறாண்டுக்கு முன்பு அதிகாரவர்க்கத்துக்கு வகுத்த இலக்கணத்தை இவ்வளவு நெருங்கிக் கடைப்பிடிக்கும் பொதுச் சேவை இங்கே அதிகம் கிடையாது. எழுதிவைத்த விதி, பிரித்துக் கொடுத்த வேலை, அதிகாரப் படிநிலை, கோப்பு, ஆள் முகம் பார்க்காத நடைமுறை என எல்லாம் ஒரே கூடத்தில் இருக்கின்றன. சேவை நன்றாக இருப்பதற்கு அதுவே காரணம். கோப்பு அந்தக் கூடத்தை விட்டு வெளியேறும்போதுதான் கோளாறுகள் தொடங்குகின்றன.

இதற்கு அடிப்படை 1967-ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டமும் 1980-ஆம் ஆண்டு விதிகளும். வெளியுறவு அமைச்சகம் 2008-இல் டாடா கன்சல்டன்சி சர்வீசஸுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு, 2010-இல் பெங்களூரு, சண்டிகர் பகுதிகளில் சோதனை ஓட்டம் நடத்தியது. பிறகு நாடு முழுவதும் 77 மையங்களைத் திறந்தது. 2017 முதல் அஞ்சலகச் சேவா மையங்களும் சேர்ந்துகொண்டன. தமிழ்நாட்டில் சென்னை, திருச்சி, மதுரை, கோயம்புத்தூர் என நான்கு மண்டல அலுவலகங்கள் உள்ளன. சென்னை நகரத்தார் சாலிகிராமம், அமைந்தகரை, தாம்பரம் மையங்களுக்குப் போகிறார்கள். 2018-இலிருந்து இந்தியாவின் எந்த மையத்திலும் விண்ணப்பிக்கலாம். காவல் சரிபார்ப்பு மட்டும் விண்ணப்பத்தில் கொடுத்த தற்போதைய முகவரிக்குரிய நிலையத்தில் நடக்கும், பாஸ்போர்ட்டும் அந்த முகவரிக்கே வரும். உங்கள் ஊரில் நாள் கிடைக்காவிட்டால் பக்கத்து மண்டலத்தையும் பார்த்துவிடுங்கள்.

கட்டண விவரம்: பெரியவர்களுக்கு 36 பக்கப் புத்தகம் 1,500 ரூபாய், 60 பக்கம் 2,000 ரூபாய். பதினெட்டு வயதுக்குக் கீழ் 1,000 ரூபாய். அது ஐந்தாண்டுகளுக்கு அல்லது 18 வயது வரை, எது முன்னால் வருகிறதோ அதுவரை செல்லும். எட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் அறுபதைத் தாண்டியவர்களுக்கும் புதிய விண்ணப்பத்தில் பத்து சதவீதத் தள்ளுபடி உண்டு. தத்கால் என்றால் கூடுதலாக 2,000. இணையத்தில் சாதாரணக் கட்டணத்தை மட்டும் கட்டி நாள் வாங்கிக்கொண்டு, மீதியை மையத்தில் கட்ட வேண்டும். பாஸ்போர்ட்டைத் தொலைத்துவிட்டால் 36 பக்கத்துக்கு 3,000 ரூபாய் ஆகும். கட்டிய பணம் திரும்ப வராது, ஓராண்டு வரை செல்லுபடியாகும். முன்பதிவு நாளை அந்த ஓராண்டுக்குள் மூன்று தடவை மாற்றலாம். நான்காவது தடவை மாற்ற நேர்ந்தால் மறுபடி முதலிலிருந்துதான். ஆவணம் கையில் வருமுன் நாள் குறிப்பவர்கள் அதிகம் மாட்டுவது இங்கேதான்.

அரசுத் தளத்தின் பெயர் 'கவ் டாட் இன்' என்று முடியும். அதே தோற்றத்தில் போலித் தளங்கள் நிறைய உலவுகின்றன என்று அமைச்சகமே எச்சரித்திருக்கிறது. 1,500 ரூபாய் சேவைக்கு அதைவிடக் கூடுதலாக ஒரு தளம் கேட்டால் உடனே வெளியே வந்துவிடுங்கள்.

இனி மையத்தின் உள்ளே. வாசலில் முன்பதிவுத் தாளையும் அசல் ஆவணங்களையும் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு டோக்கன் தருவார்கள். ஏ கவுன்டரில் நிறுவன ஊழியர் ஆவணங்களை ஸ்கேன் செய்து, புகைப்படமும் விரல்ரேகையும் எடுத்து, தட்டச்சான விவரங்களைத் திரையில் உங்களுக்குக் காட்டுவார். பி கவுன்டரில் அரசு அலுவலர் அசலோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பார். சி கவுன்டரில் வழங்கும் அதிகாரம் பெற்ற அலுவலர் முடிவெடுப்பார். வெளியே வரும்போது கோப்பு எண் போட்ட ஒப்புகைத் தாள் கையில் இருக்கும். அஞ்சலக மையங்கள் பலவற்றில் சி முடிவு அங்கேயே எடுக்கப்படுவதில்லை, கோப்பு மண்டல அலுவலகத்துக்குப் போகிறது. அங்கே விண்ணப்பிப்பவர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த மூன்று கவுன்டர் ஏற்பாட்டில் பலரும் கவனிக்காத நுட்பம் ஒன்று உண்டு. உங்களோடு அதிக நேரம் உட்காரும் ஏ ஊழியரிடம் முடிவெடுக்கும் அதிகாரம் இல்லை. அதிகாரம் உள்ள சி அலுவலர் உங்களோடு சில நிமிடங்களே பேசுகிறார். எந்த டோக்கன் எந்த மேசைக்குப் போகும் என்பதைக் கணினி தீர்மானிப்பதால், யாரிடம் போய் நிற்பது என்று முன்கூட்டியே ஏற்பாடு செய்ய முடியாது. மையத்துக்குள் 'தெரிஞ்சவர்' வேலை செய்யாமல் போனதற்கு ஊழியர்களின் நல்லொழுக்கத்தை விட இந்தப் பிரிப்புதான் பெரிய காரணம். விருப்பு வெறுப்பு இல்லாமல் அலுவல் பார்ப்பது என்று வெபர் சொன்னதைக் குணநலனாக எதிர்பார்க்காமல் மேசைகளை அமைத்த விதத்திலேயே வரவழைத்திருக்கிறார்கள். தத்காலிலும் இதே போக்குதான். ஒரு காலத்தில் உயரதிகாரி ஒருவரின் சரிபார்ப்புக் கடிதம் இருந்தால் வேலை எளிது. அப்படி ஒருவரைத் தெரியாதவர்கள் பாடு திண்டாட்டம். இப்போது பட்டியலில் உள்ள ஆவணங்களில் மூன்று போதும். சிபாரிசு இருந்த இடத்தில் விதி வந்தது ஏழைக்கு லாபம். 'சிவப்பு நாடா' என்று எல்லா விதிகளையும் ஒரே மூச்சில் திட்டுபவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

அதே அமைப்புக்கு ஒரு விலையும் உண்டு. அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1940-இல் சொன்னது: விதி ஒரு நோக்கத்துக்காக வருகிறது, பழகப் பழக அந்த விதியைக் காப்பாற்றுவதே நோக்கமாகிவிடுகிறது. ஏ கவுன்டரில் இதைப் பார்க்கலாம். பட்டியலோடு ஒத்துப்போகாத ஆவணத்தை விளக்கிப் புரிந்துகொள்ள அந்த ஊழியருக்கு அதிகாரம் இல்லாததால், 'இல்லை' என்பதே அவருக்குப் பாதுகாப்பான பதில். அப்படிச் சொன்னால் அவரோடு வாதாடிப் பயனில்லை. கோப்பைக் குறிப்போடு பி கவுன்டருக்கு அனுப்பச் சொல்லுங்கள், அல்லது மையப் பொறுப்பில் உள்ள அலுவலரைப் பார்க்கக் கேளுங்கள். விலக்கு அளிக்கும் அதிகாரம் மேலே உள்ள மேசையில்தான் இருக்கிறது.

தமிழ்நாட்டு விண்ணப்பங்கள் இந்த இடத்தில் அதிகம் இடறுவது இனிஷியலில். படிவத்தில் குடும்பப் பெயர், இயற்பெயர் என்று இரண்டு கட்டங்கள். நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதல் எழுத்துதான். பாஸ்போர்ட்டில் இனிஷியலைச் சுருக்கமாகப் போட முடியாது, விரித்தே எழுத வேண்டும். ஆதாரில் 'கார்த்திக் ஆர்', பான் அட்டையில் 'ராமசாமி கார்த்திக்', பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'ஆர். கார்த்திக்' என்று இருக்கும் ஆள், படிவத்தில் எதை எந்தக் கட்டத்தில் போடுவது என்று தடுமாறி, குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுகிறார். படிவம் அதை ஏற்றுக்கொள்ளும். தொல்லை பிற்பாடு வெளிநாட்டில் வருகிறது. 2022 நவம்பர் 21 அன்று ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ள பாஸ்போர்ட்டோடு சுற்றுலா, வருகை விசாவில் வருபவர்களை அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. கடைசிப் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தினார்கள். அமெரிக்க விசாவிலோ, பாஸ்போர்ட்டில் இயற்பெயர் மட்டும் இருந்தால் அதைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு, முதல் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'தெரியவில்லை' என்பதற்கான மூன்றெழுத்துச் சுருக்கத்தை அச்சிடுகிறார்கள். அந்த எழுத்துகள் பிறகு ஓட்டுநர் உரிமம், வங்கிக் கணக்கு வரை தொடரும்.

ஆகவே இரண்டு கட்டங்களையும் நிரப்புங்கள்: இயற்பெயரில் உங்கள் பெயர், குடும்பப் பெயரில் அப்பா பெயரின் விரிவு. திருமணமான பெண்கள் அப்பா பெயரா கணவர் பெயரா என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு, மற்ற ஆவணங்களையும் அதற்கேற்பத் திருத்திக்கொள்வது நல்லது. விரிவுக்கு ஆதாரமாக அப்பா பெயர் முழுதாக அச்சான ஓர் ஆவணம், பிறப்புச் சான்றிதழ் போல, கையில் இருக்கட்டும். ஆங்கில எழுத்துக்கூட்டல் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ழகரம் வரும் பெயர்களில் ஓர் ஆவணத்தில் ஒரு விதமாகவும் இன்னொன்றில் வேறு விதமாகவும் இருப்பது சர்வ சாதாரணம். ஆதாரைத் திருத்துவது சுலபம், பள்ளிச் சான்றிதழைத் திருத்துவது நீண்ட வேலை. எனவே சான்றிதழில் உள்ளபடி மற்றவற்றை மாற்றுங்கள். இந்தக் குழப்பத்துக்கு விண்ணப்பதாரரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. குடும்பப் பெயர் உள்ள சமூகங்களை மனதில் வைத்து வரைந்த படிவம், அது இல்லாத சமூகத்தின் மேல் வந்து உட்கார்ந்திருக்கிறது.

குழந்தைகள் விஷயத்தில் பிறப்புச் சான்றிதழ். 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குப் பிறந்த தேதிக்கான ஆதாரம் பிறப்புச் சான்றிதழ் ஒன்றே. அதற்கு முன் பிறந்தவர்கள் பள்ளிச் சான்றிதழ், பான் அட்டை, ஓட்டுநர் உரிமம் போன்றவற்றைத் தரலாம். நம் ஊரில் பிறப்பைப் பதிவு செய்துவிட்டுக் குழந்தையின் பெயரைச் சேர்க்காமலேயே விட்ட சான்றிதழ்கள் ஏராளம். அப்படிப்பட்டதை வைத்துக்கொண்டு மையத்துக்குப் போவது வீண். முதலில் பதிவு செய்த உள்ளாட்சி அலுவலகத்தில் பெயரைச் சேர்த்து வாங்குங்கள். நான்கு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு மட்டும் வெள்ளைப் பின்னணியில் புகைப்படம் எடுத்துப் போக வேண்டும்.

2016 டிசம்பரில் அமைச்சகம் செய்த சீர்திருத்தத்துக்கு முழு மதிப்பெண் தரலாம். இணைப்புப் படிவங்கள் 15-இலிருந்து 9 ஆகக் குறைந்தன. நோட்டரி முத்திரை தேவையில்லை, வெள்ளைத் தாளில் சுய உறுதிமொழி போதும். திருமணச் சான்றிதழ் கட்டாயமில்லை. பெற்றோரில் ஒருவர் பெயர் மட்டும் இருந்தாலும் போதும். ஆல்வின் கோல்ட்னர் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரு ஜிப்சம் சுரங்கத்தை ஆராய்ந்து விதிகளை மூன்றாகப் பிரித்தார்: இரு தரப்பும் நம்பிக் கடைப்பிடிப்பவை, ஒரு தரப்பு மற்றதைத் தண்டிக்க வைத்திருப்பவை, யாரும் பொருட்படுத்தாமல் பெயருக்கு இருப்பவை. நோட்டரி முத்திரை மூன்றாம் வகை. கையெழுத்துப் போட்டவரையே பார்க்காமல் முத்திரை குத்திய காலம் அது. பெயருக்கு இருந்த விதியை எடுத்துவிட்டதால் சரிபார்ப்பு ஒன்றும் கெட்டுவிடவில்லை.

வளைகுடாவுக்கோ மலேசியாவுக்கோ வேலைக்குப் போகிறவர்கள் குடியகல்வு முத்திரையை, அதாவது வேலைக்கு வெளிநாடு போக அரசின் அனுமதி தேவை என்று பாஸ்போர்ட்டில் இடப்படும் குறிப்பை, கவனிக்க வேண்டும். 1983-ஆம் ஆண்டுக் குடியகல்வுச் சட்டப்படி, பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் குறிப்பிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது அனுமதி பெற வேண்டும். பத்தாவது தேறியவர்களும் சான்றிதழைக் காட்டாவிட்டால் அந்த வகையிலேயே சேர்க்கப்படுவார்கள். பட்டம் படித்தவர் ஆதாரும் பாஸ்புக்கும் போதும் என்று வந்து, பின்னால் அந்தக் குறிப்பை நீக்க மறுபடி முழுக் கட்டணம் கட்டி மறுவெளியீட்டுக்கு விண்ணப்பிப்பது உண்டு. ஏ கவுன்டர் திரையில் இந்த ஒரு வரியை மறக்காமல் பாருங்கள்.

இப்போது கோப்பு வெளியே போகிறது. மண்டல அலுவலகத்திலிருந்து மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அல்லது மாநகரக் காவல் ஆணையர் அலுவலகம் வழியாக உங்கள் பகுதி நிலையத்துக்கு வரும். காவல் துறைக்கு 21 நாள் இலக்கு. அந்த நாட்களுக்குள் அறிக்கை தந்தால் ஒரு விண்ணப்பத்துக்கு 150 ரூபாய், தாமதமானால் 50 ரூபாய் என்று அமைச்சகம் மாநிலத்துக்குத் தருகிறது. விண்ணப்பதாரர் தர வேண்டியது எதுவுமில்லை. 'டீ செலவு', 'பெட்ரோல் காசு' எதற்கும் விதியில் இடமில்லை. ஆனாலும் கேட்கப்படுகிறது என்பது ஊரறிந்த சங்கதி.

ஏன் இங்கே மட்டும்? பிரெஞ்சுச் சமூகவியலாளர் மிஷேல் குரோசியேவின் விளக்கம் அப்படியே பொருந்துகிறது. பிரான்சின் அரசுப் புகையிலைத் தொழிற்சாலைகளை அவர் ஆராய்ந்தபோது, எல்லாமே விதிப்படி நடந்த அந்த இடத்தில் பராமரிப்புத் தொழிலாளர்களுக்கு மட்டும் பதவிக்கு மீறிய செல்வாக்கு இருந்தது. இயந்திரம் எப்போது பழுதாகும் என்பது மட்டுமே அங்கே விதிகளுக்கு அடங்காத விஷயம். அதைச் சரிசெய்யும் வித்தை அவர்கள் கையில் இருந்தது. எது நிச்சயமில்லாததோ அதைக் கையில் வைத்திருப்பவருக்கு அதிகாரம் சேர்கிறது. பாஸ்போர்ட் சேவையில் டோக்கனும் கவுன்டரும் அச்சும் விரைவு அஞ்சலும் கணித்துவிடக்கூடியவை. கணிக்க முடியாதது காவல் அறிக்கை ஒன்றே. மையத்தை எவ்வளவுக்கு ஒழுங்காக்கினார்களோ அவ்வளவுக்கு நிலையத்தின் மதிப்பு கூடியது.

நிலையத்தில் நடப்பதை அமெரிக்க அரசியல் அறிவியலாளர் மைக்கேல் லிப்ஸ்கி 1980-இல் முன்வைத்த கோணத்தில் பார்க்கலாம். மக்களை நேரில் சந்திக்கும் கடைநிலை அலுவலர்தான் நடைமுறையில் கொள்கையை உருவாக்குகிறார் என்பது அவர் கருத்து. வேலை மலையாய்க் குவியும்போது அவர்கள் குறுக்குவழிகளைக் கண்டுபிடித்துக்கொள்கிறார்கள். சரிபார்ப்பின் சாரம் இரண்டு: விண்ணப்பதாரர் இந்தியக் குடிமகனா, குற்ற வழக்கு உண்டா. முகவரிக்குப் போன காவலர் பூட்டிய வீட்டைப் பார்த்தால், திரும்பவும் வருவதை விட 'குறிப்பிட்ட முகவரியில் வசிக்கவில்லை' என்று எழுதுவது சுலபம். அந்த ஒரு வரி பாதகமான அறிக்கையாகிவிடும். மண்டல அலுவலகம் விளக்கம் கேட்கும். மறுசரிபார்ப்புக்கு மீண்டும் ஒரு சுற்று. விடுதியில் தங்கிப் படிப்பவர்களும், வாடகை வீடு மாறியவர்களும், வேலை ஒரு நகரம் குடும்பம் ஒரு நகரம் என்று இருப்பவர்களும் அதிகம் சிக்குவது இதில்தான். சரிபார்ப்பு நடக்கும் வாரங்களில் எந்த முகவரியில் உண்மையாகவே இருப்பீர்களோ அதையே தற்போதைய முகவரியாகக் கொடுங்கள். விண்ணப்பத்தில் கொடுத்த கைப்பேசி எண் இயங்க வேண்டும். ஆவண நகல்களையும், உங்களை அறிந்த அக்கம்பக்கத்தார் இருவரின் பெயரையும் தயாராக வைத்திருங்கள்.

இணையத்தில் கோப்பின் நிலையைப் பார்க்கும் வசதிக்குக் குறைந்த மதிப்பெண்தான். காவல் அறிக்கை நிலுவை, அச்சானது, அனுப்பப்பட்டது என்பவை தெளிவு. 'மண்டல அலுவலகத்தில் பரிசீலனையில்' என்று வந்துவிட்டால் என்ன பரிசீலனை, யார் மேசையில், எதற்காக என்று ஒன்றும் தெரியாது. தன்னிடமுள்ள தகவலை மறைத்து வைப்பதால் அதிகாரவர்க்கம் வலுப்பெறுகிறது என்பதையும் வெபர் எழுதியிருக்கிறார். இங்கே மறைக்கும் எண்ணம் யாருக்கும் இருக்க வேண்டியதில்லை. மென்பொருளில் அந்த வரிக்குக் கீழே காரணம் எழுதக் கட்டம் இல்லை, அவ்வளவே. முதலில் 1800-258-1800 என்ற கட்டணமில்லா எண்ணில் கோப்பு எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி, கோப்பில் கடைசியாக எழுதிய குறிப்பின் நகலைக் கேளுங்கள். 'ஏன் தாமதம்' என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். குறிப்பின் நகல் என்று கேட்டால் காரணம் தானாக வெளிவரும். முப்பது நாளில் பதில் தர வேண்டும். மறுப்பு ஆணை வந்தால், பாஸ்போர்ட் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி அதற்கான காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும், கேட்டால் நகலும் தர வேண்டும். 11-ஆம் பிரிவில் மேல்முறையீடு உண்டு, அதற்குக் கெடு 30 நாள்.

வழக்கு உள்ளவர்கள் விஷயம் தனி. போராட்டத்தில் கலந்துகொண்டதற்கோ குடும்பத் தகராறிலோ பெயர் சேர்க்கப்பட்டவர்கள் பாஸ்போர்ட்டே கிடைக்காது என்று ஒதுங்கிவிடுகிறார்கள். சட்டத்தின் 6(2)(எஃப்) பிரிவு, குற்றவியல் நீதிமன்றத்தில் நடவடிக்கை நிலுவையில் இருந்தால் மறுக்க வேண்டும் என்கிறது. முதல் தகவல் அறிக்கை மட்டும் பதிவாகி விசாரணையில் இருக்கும் வழக்கு அதில் வராது. நீதிமன்றம் வழக்கைக் கோப்பில் எடுத்திருந்தால்தான் நிலுவை என்று கொள்ள வேண்டும் என 2019 அக்டோபர் 10 தேதியிட்ட அமைச்சக அலுவலகக் குறிப்பாணை தெளிவாகச் சொல்கிறது. நிலையத்தில் அதைப் படித்திருக்க மாட்டார்கள் என்று வைத்துக்கொண்டு, நகலை நீங்களே எடுத்துப் போங்கள். அதற்காக வழக்கை மறைத்துவிடாதீர்கள். தெரிந்தே பொய்த் தகவல் தந்தால் 12-ஆம் பிரிவின் கீழ் இரண்டாண்டு வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். வழக்கு நீதிமன்றத்துக்குப் போய்விட்டிருந்தால், 1993 ஆகஸ்ட் 25 அறிவிக்கையின்படி அதே நீதிமன்றத்தில் வெளிநாடு செல்ல அனுமதி உத்தரவு பெற்று விண்ணப்பிக்கலாம். மனுவில் எத்தனை ஆண்டுக்குப் பாஸ்போர்ட் வேண்டும் என்பதைக் குறிப்பிட்டு, உத்தரவிலும் அந்தக் காலம் எழுதப்படும்படி வழக்கறிஞரிடம் சொல்லுங்கள். உத்தரவில் காலம் எதுவும் இல்லையென்றால் ஓராண்டுக்கு மட்டுமே பாஸ்போர்ட் தருவார்கள்.